அயோடின் கலந்த உப்பு

அயோடின் கலந்த உப்பு என்பது, அயோடின் சேர்மம் ஒன்று மிகச் சிறிய அளவில் சேர்க்கப்பட்ட சமையல் உப்பு ஆகும். இலங்கை வழக்கில் இது அயடீன் கலந்த உப்பு எனப்படுகிறது. உணவில் போதிய அயோடின் கிடைக்காத இடங்களில் முன்கழுத்துக் கழலை, குறைவளர்ச்சி, பிறவிச் செவிட்டுத்தன்மை, மந்த அறிவு ஆகியவை பரவலாகக் காணப்படும். இவற்றைத் தடுப்பதற்காகவே உப்பில் அயோடின் சேர்க்கப்படுகிறது. உலகில் தடுக்கக்கூடிய மூளைப் பாதிப்புகளுக்கான காரணங்களுள் அயோடின் குறைபாடே முதன்மையானது என்று உலக சுகாதார நிறுவனம் குறிப்பிட்டுள்ளது.

உணவுப்பொருள் ஒன்றில் ஊட்டச்சத்தைச் சேர்த்து மக்கள் அனைவருக்கும் கொண்டுசெல்லும் முறை செறிவூட்டல் எனப்படும். மாவு, எண்ணெய், பால் முதலியனவும் இவ்வாறு செறிவூட்டப்படுகின்றன. எனினும் இவற்றுள் காலத்தால் மூத்ததும் மிகுதியான நாடுகளில் பரவியதும் உப்பேயாகும்.

உடலில் அயோடினின் பணி

வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் 15 முதல் 20 மில்லிகிராம் அயோடின் மட்டுமே உள்ளது. இதில் பெரும்பகுதி கழுத்தின் முன்புறத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்துள்ள தைராய்டுச் சுரப்பியில் தங்கியிருக்கிறது. இச்சுரப்பி உண்டாக்கும் தைராக்சின் என்னும் இயக்குநீரின் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு அயோடின் அணுக்கள் உள்ளன. அயோடின் இல்லையேல் தைராக்சின் உருவாகாது. வேறு எந்தத் தனிமமும் அதன் இடத்தை நிரப்ப இயலாது.

இரத்தத்தில் தைராக்சின் அளவு குறையும்போது மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பி, தைராய்டைத் தூண்டும் இயக்குநீரை மிகுதியாகச் சுரக்கிறது. தூண்டுதல் தொடர்வதால் தைராய்டுச் சுரப்பி, கிடைக்கும் சிறிதளவு அயோடினையும் பற்றிக்கொள்ளும் பொருட்டுத் தன் திசுக்களைப் பெருக்கிக்கொள்கிறது. கழுத்தில் தோன்றும் வீக்கம் இதுவே. அதாவது கழலை என்பது பற்றாக்குறையைச் சமாளிக்க உடல் செய்யும் முயற்சியின் வெளித்தோற்றமாகும்.

தேவைப்படும் அளவோ மிகச் சிறியது. வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம், கருவுற்ற பெண்களுக்கு 250 மைக்ரோகிராம், ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள சிறுவர்களுக்கு 120 மைக்ரோகிராம், அதற்கும் இளைய குழந்தைகளுக்கு 90 மைக்ரோகிராம் என்பன உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைகளாகும். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. இக்கணக்கின்படி எழுபது ஆண்டுகள் வாழும் ஒருவருக்கு வாழ்நாள் முழுவதற்கும் தேவையான அயோடின் நான்கு கிராமைக்கூட எட்டாது. ஆனால் உடல் இதனை நீண்ட காலத்துக்குச் சேமித்து வைக்க இயலாததால், அந்த ஒரு தேக்கரண்டி அளவை ஒரே வேளையில் கொடுத்துவிட்டு மறந்துவிட முடியாது. நாள்தோறும் சிறுகச் சிறுகக் கிடைத்தாக வேண்டும்.

குழந்தைகளில் ஏற்படும் பாதிப்பு

நெடுங்காலமாக அயோடின் குறைபாடு என்றால் கழலை என்றே மருத்துவ உலகம் கருதியது. கழுத்து வீக்கம் கண்ணுக்குத் தெரிவது இதற்கு ஒரு காரணம். ஆனால் கண்ணுக்குத் தெரியாத பாதிப்பே பெரிது. கருவில் உள்ள குழந்தையின் தைராய்டுச் சுரப்பி ஏறத்தாழ கருக்காலத்தின் நடுப்பகுதியில்தான் முழுமையாக இயங்கத் தொடங்குகிறது. அதுவரை குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தேவையான தைராக்சின் தாயிடமிருந்தே வருகிறது. தாய்க்கு அயோடின் பற்றாக்குறை கடுமையாக இருப்பின் குழந்தையின் நரம்பணுக்கள் உரிய இடங்களைச் சென்றடைவதும் ஒன்றோடொன்று இணைவதும் தடைப்படுகின்றன. இவ்வாறு பிறக்கும் குழந்தைகளிடம் குள்ளத்தன்மை, செவிட்டூமை, கால்களின் விறைப்பு, கடுமையான அறிவுக்குறை ஆகியவை காணப்படலாம். இந்நிலை கிரெட்டினிசம் எனப்படுகிறது. பிறந்த பின்னர் எவ்வளவு அயோடின் கொடுத்தாலும் கருவில் ஏற்பட்ட இப்பாதிப்பு சீராவதில்லை.

இதற்கான ஐயமற்ற சான்று பப்புவா நியூகினியின் மலைப்பகுதியில் கிடைத்தது. அங்குள்ள ஜிமி பள்ளத்தாக்கில் 1966 ஆம் ஆண்டு, ஒரு குடும்பம் விட்டு ஒரு குடும்பத்துக்கு அயோடின் ஏற்றிய எண்ணெய் ஊசியாகச் செலுத்தப்பட்டது. மற்றக் குடும்பங்களுக்கு உப்புநீர் செலுத்தப்பட்டது. கருவுறுவதற்கு முன்னரே அயோடின் பெற்ற தாய்மாரின் குழந்தைகளிடையே கிரெட்டினிசம் ஏற்படாததை பாரோவா, பட்பீல்ட், எட்செல் ஆகியோர் 1971 இல் வெளியிட்டனர். இவர்களுள் ஒருவரான ஆத்திரேலிய மருத்துவர் பேசில் எட்செல், கழலை என்னும் சொல்லால் இந்நோய்களின் முழு அளவும் மறைக்கப்படுகிறது எனக் கருதி, ‘அயோடின் குறைபாட்டுக் கோளாறுகள்’ என்ற தொடரை 1983 இல் முன்வைத்தார். பெயர் மாற்றம் சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால் அழகுக் குறைவாக எண்ணப்பட்ட ஒன்று, குழந்தைகளின் கல்வியையும் அறிவையும் பற்றிய சிக்கலாக அரசுகளின் கண்ணுக்குப் பட்டது அதன் பின்னரே.

கிரெட்டினிசம் பனிப்பாறையின் நுனி மட்டுமே. கடுமையான குறைபாடுள்ள ஊர்களில், வெளிப்பார்வைக்கு நலமாகத் தோன்றும் குழந்தைகளின் நுண்ணறிவு ஈவும் குறைந்தே காணப்பட்டது. பல ஆய்வுகளைத் தொகுத்து 1994 இல் வெளியான ஒரு மதிப்பீடு, அயோடின் குறைந்த மக்களுக்கும் போதிய அயோடின் பெற்ற மக்களுக்கும் இடையில் சராசரியாக 13.5 புள்ளிகள் வேறுபாடு இருப்பதாகக் கணக்கிட்டது.

கடல் உப்பில் அயோடின் உண்டா?

அயோடின் மண்ணின் மேற்பரப்பில் இருந்து மழையாலும் வெள்ளத்தாலும் பனியாறுகளாலும் எளிதில் அடித்துச் செல்லப்படும். ஆகவே இமயமலை, ஆல்ப்சு, ஆண்டீசு போன்ற மலைப்பகுதிகளிலும், அடிக்கடி வெள்ளம் சூழும் ஆற்றுச் சமவெளிகளிலும் மண்ணில் அயோடின் குறைவு. அங்கு விளையும் தானியத்திலும் காய்கறியிலும், அவற்றை உண்ணும் கால்நடைகளின் பாலிலும் அதே குறை தொடரும். மரவள்ளிக்கிழங்கு போன்ற சில உணவுகளில் உள்ள பொருள்கள் தைராய்டுச் சுரப்பி அயோடினைப் பற்றிக்கொள்வதைத் தடுப்பதால், அவற்றையே முதன்மை உணவாகக் கொண்ட இடங்களில் நிலைமை மேலும் மோசமாகிறது.

அடித்துச் செல்லப்பட்ட அயோடின் சென்று சேருமிடம் கடல். கடல்மீனிலும் கடற்பாசியிலும் அயோடின் நிறைந்திருப்பது இதனால்தான். இதைக்கொண்டு, கடல்நீரைக் காய்ச்சி எடுக்கும் உப்பிலும் இயற்கையாகவே போதிய அயோடின் இருக்கும் எனப் பலரும் நம்புகின்றனர். இந்நம்பிக்கை தவறானது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகளும் 60 மைக்ரோகிராம் அளவுக்கு அயோடினும் உள்ளன. அந்த அயோடின் முழுவதும் உப்போடு வந்துவிட்டது எனக் கொண்டாலும், நாளொன்றுக்குப் பத்து கிராம் உப்பு உண்பவருக்கு 17 மைக்ரோகிராம் அளவே கிடைக்கும். இது தேவையில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு. உண்மையில் உப்பு படிகமாகும்போது அயோடினின் பெரும்பகுதி எஞ்சும் கசப்புநீரில் தங்கிவிடுவதால் கிடைக்கும் அளவு இதனினும் குறைவு. இந்துப்பு முதலிய பாறை உப்புகளும் இவ்வகையில் வேறுபட்டவை அல்ல.

வரலாறு

பிரான்சைச் சேர்ந்த பெர்னார்டு கூர்ட்டுவா 1811 இல் கடற்பாசிச் சாம்பலில் இருந்து வெடியுப்புக்கான பொருளைப் பிரித்தெடுக்கும்போது தற்செயலாக அயோடினைக் கண்டறிந்தார். கழலைக்குச் சுட்ட கடற்பஞ்சையும் கடற்பாசியையும் மருந்தாகத் தருவது அதற்கு முன்பே வழக்கில் இருந்தது. அவற்றில் நோய் தீர்க்கும் பொருள் இப்புதிய தனிமமாகவே இருக்க வேண்டும் என ஊகித்த ஜெனீவா மருத்துவர் கோயிண்டே, 1820 இல் அயோடினையே கழலைக்கு மருந்தாக அளித்தார். பலருக்கு வீக்கம் குறைந்தது. ஆனால் அளவு மிகையானதால் சிலருக்கு நெஞ்சுப் படபடப்பும் மெலிவும் ஏற்பட, மருந்தின் மீது அச்சம் பரவியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், நீரிலும் மண்ணிலும் அயோடின் குறைவதே கழலைக்குக் காரணம் எனப் பிரெஞ்சு அறிவியலாளர் சாட்டேன் கூறியபோது அக்கருத்தும் ஏற்கப்படவில்லை. செருமானியரான பாவுமன் 1895 இல் தைராய்டுச் சுரப்பியிலேயே அயோடின் இருப்பதைக் கண்டறிந்த பின்னர்தான் நிலைமை மாறியது.

ஐக்கிய அமெரிக்காவில் டேவிட் மரைன், கிம்பால் ஆகிய இருவரும் ஓகையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரப் பள்ளி மாணவிகளிடையே 1917 இல் தொடங்கி நடத்திய ஆய்வு குறிப்பிடத்தக்கது. ஆண்டுக்கு இருமுறை சிறிதளவு சோடியம் அயோடைடு பெற்ற 2,190 மாணவிகளுள் 5 பேருக்கு மட்டுமே சுரப்பி வீங்கியது. பெறாத 2,305 மாணவிகளுள் 495 பேருக்கு வீங்கியது. இம்முடிவுகளைப் பின்பற்றி மிச்சிகன் மாநிலத்தில் டேவிட் கவி என்னும் குழந்தை மருத்துவர் எடுத்த முயற்சியால் 1924 மே மாதம் அயோடின் உப்பு அங்கு விற்பனைக்கு வந்தது. அவ்வாண்டிலேயே மார்ட்டன் நிறுவனம் அதனை நாடு முழுவதும் விற்கத் தொடங்கியது. அங்கு இது சட்டத்தால் கட்டாயமாக்கப்படவில்லை.

உப்பை வாயிலாகத் தேர்ந்தெடுத்த பெருமை சுவிட்சர்லாந்துக்கு உரியது. அந்நாட்டின் மலையூர்களில் கழலை இல்லாத கழுத்தைக் காண்பதே அரிதாக இருந்தது. ஓட்டோ பாயர்டு என்ற ஊர் மருத்துவர் 1918 இல் கிரேகன் என்னும் மலைச்சிற்றூரில், உப்பில் தாமே பொட்டாசியம் அயோடைடைக் கலந்து சில குடும்பங்களுக்குக் கொடுத்தார். கோயிண்டே கொடுத்த அளவுகளோடு ஒப்பிடுகையில் இது மிகச் சொற்பம். ஆயினும் சில மாதங்களில் கழலைகள் சுருங்கின, தீங்கும் நேரவில்லை. அப்பென்செல் அவுசர்கோடன் மண்டலத்தில் ஆன்சு எகன்பெர்கர் என்ற மருத்துவர் மக்களிடம் கையொப்பம் திரட்டி அரசுக்கு வேண்டுகோள் விடுத்தார். 1922 பெப்ரவரியில் அம்மண்டலத்தில் அயோடின் உப்பு விற்பனை தொடங்கியது. அங்கு உப்பு விற்பனை மண்டல அரசுகளின் தனியுரிமையாக இருந்தது இதற்குப் பெரிதும் உதவியது.

தொடக்கத்தில் ஒரு கிலோகிராம் உப்பில் 4 மில்லிகிராமுக்கும் குறைவான அயோடினே அங்கு சேர்க்கப்பட்டது. மக்களின் சிறுநீரில் வெளியேறும் அயோடினை அளந்து பார்த்து, 1962, 1980, 1998, 2014 ஆகிய ஆண்டுகளில் இவ்வளவு படிப்படியாக உயர்த்தப்பட்டு 25 மில்லிகிராமை எட்டியது.

இந்தியாவில்

காசுமீரில் இருந்து அருணாசலப் பிரதேசம் வரை இமயமலை அடிவாரத்தில் நீளும் பகுதி ‘கழலை வட்டாரம்’ என அறியப்பட்டது. பிரித்தானிய மருத்துவர் இராபர்ட் மெக்கரிசன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கில்கித் பகுதியில் ஆய்வு செய்து, ஒரே ஓடையின் நீரைப் பருகும் ஊர்களுள் கீழ்நிலையில் உள்ள ஊர்களில் கழலை மிகுதி எனக் கண்டார். நீரில் கலந்த மாசே காரணம் என்பது அவர் எட்டிய முடிவு. அதை மெய்ப்பிக்க அந்நீரின் வண்டலைத் தாமே பருகியும் பார்த்தார். அவருடைய விளக்கம் நிலைக்கவில்லை. எனினும் அவர் பின்னர் நீலகிரி மாவட்டம் குன்னூரில் தொடங்கிய ஊட்டச்சத்து ஆய்வகமே வளர்ந்து, 1958 இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாகத் திகழ்கிறது.

இந்தியாவின் கொள்கைக்கு அடிப்படையாக அமைந்தது காங்கிரா பள்ளத்தாக்கு ஆய்வாகும். அப்போது பஞ்சாபிலும் இன்று இமாச்சலப் பிரதேசத்திலும் உள்ள இப்பள்ளத்தாக்கில், வி. இராமலிங்கசாமி தலைமையிலான குழுவினர் 1956 முதல் ஏறத்தாழ ஒரு இலட்சம் மக்களை மூன்று வட்டாரங்களாகப் பிரித்தனர். ஒரு வட்டாரத்துக்குப் பொட்டாசியம் அயோடைடு கலந்த உப்பும், மற்றொன்றுக்குப் பொட்டாசியம் அயோடேட்டு கலந்த உப்பும், இடையில் இருந்த வட்டாரத்துக்குச் சாதாரண உப்பும் வழங்கப்பட்டன. ஆறு ஆண்டுகளில் முதல் இரு வட்டாரங்களிலும் பள்ளிச் சிறுவர்களிடையே கழலை வெகுவாகக் குறைந்தது. சாதாரண உப்பு பெற்ற வட்டாரத்தில் மாற்றமில்லை. அதன் பின்னர் அவ்வட்டாரத்துக்கும் அயோடின் உப்பு வழங்கப்பட, அங்கும் கழலை குறைந்தது.

1962 இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. கழலை வட்டாரத்துக்கு மட்டும் அயோடின் உப்பை அனுப்புவது அதன் நோக்கம். உற்பத்தி போதாமையாலும், மலிவான சாதாரண உப்பு அதே சந்தையில் புகுந்ததாலும் திட்டம் இருபது ஆண்டுகள் தள்ளாடியது. அதற்குள் சமவெளிகளிலும் நோய் உண்டு என்பது தெரியவந்தது. எனவே நாட்டில் உண்ணப்படும் உப்பு முழுவதிலும் அயோடின் சேர்ப்பது என 1983 இல் முடிவெடுக்கப்பட்டு, 1986 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. அதுவரை அரசுத்துறைக்கே உரியதாக இருந்த உற்பத்தியில் தனியாரும் அனுமதிக்கப்பட்டனர்.

சட்டத்தின் கதை இத்தனை நேரானதல்ல. அயோடின் சேர்க்காத உப்பை நேரடி உணவுக்காக விற்பதற்கு நடுவண் அரசு 1997 நவம்பரில் தடை அறிவித்து, 1998 மே முதல் செயற்படுத்தியது. காந்தியடிகள் தண்டியிலும் இராசாசி வேதாரண்யத்திலும் 1930 இல் உப்பெடுத்த நாட்டில், எந்த உப்பை உண்பது என அரசே கட்டளையிடலாமா என்ற கேள்வி எழுந்தது. சிறு உப்பள உடைமையாளர்கள் பெரு நிறுவனங்களிடம் சந்தையை இழப்பர் என்ற அச்சமும் பொய்யானதல்ல. 2000 செப்டம்பரில் தடை நீக்கப்பட்டது. விளைவு விரைவில் தெரிந்தது. 1998-99 இல் 49 விழுக்காட்டு வீடுகளில் இருந்த போதிய அயோடின் கொண்ட உப்பு, 2002-03 இல் 30 விழுக்காட்டு வீடுகளிலேயே காணப்பட்டது. மறுபடியும் 2005 நவம்பரில் தடை அறிவிக்கப்பட்டு, 2006 மே 17 முதல் நடைமுறைக்கு வந்தது. கலப்படத் தடைச் சட்டத்தின் கீழ் இத்தகைய விதியை இயற்ற அரசுக்கு அதிகாரமில்லை என 2011 சூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் பொதுநலன் கருதி ஆறு மாதங்களுக்கு விதி தொடர இடமளித்தது. அதற்குள் நடைமுறைக்கு வந்த உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளில் அதே கட்டுப்பாடு இடம்பெற்றது.

இலங்கையில், மழை மிகுந்த தென்மேற்குப் பகுதி கழலைக்குப் பெயர்பெற்றதாகும். அங்கு உணவு உப்பில் அயடீன் சேர்ப்பது 1995 இல் சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்டது.

தயாரிப்பும் சோதனையும்

பொட்டாசியம் அயோடைடு ஈரமும் வெப்பமும் மிகுந்த சூழலில் சிதைந்து, அயோடின் ஆவியாக வெளியேறிவிடும். எனவே வெப்ப நாடுகளில் உறுதிமிக்க பொட்டாசியம் அயோடேட்டே பயன்படுகிறது. இந்திய விதிகளின்படி உப்பில் பத்து இலட்சம் பங்குக்கு, உற்பத்தி நிலையில் 30 பங்குக்குக் குறையாமலும் நுகர்வோரை அடையும்போது 15 பங்குக்குக் குறையாமலும் அயோடின் இருத்தல் வேண்டும். முதல் அளவை எட்ட ஒரு டன் உப்புக்கு ஏறத்தாழ 50 கிராம் அயோடேட்டே போதுமானது. ஒரு கைப்பிடிப் பொருளை ஒரு டன் உப்பில் சீராகப் பரப்புவதே இத்தொழிலின் உண்மையான சவாலாகும். ஆலைகளில், ஓடும் பட்டையில் செல்லும் உப்பின் மீது அயோடேட்டுக் கரைசல் தெளிக்கப்படுகிறது. மண்வெட்டியால் கிளறிக் கலக்கும் இடங்களில் ஒரு மூட்டையில் மிகையாகவும் அடுத்த மூட்டையில் ஒன்றுமில்லாமலும் போவதுண்டு.

உப்பில் அயோடேட்டு உள்ளதா என அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. அமிலமும் அயோடைடும் மாவுப்பொருளும் கொண்ட கரைசலில் சில துளிகளை உப்பின் மீது விட்டால், விடுபடும் அயோடின் மாவுப்பொருளுடன் சேர்ந்து கருநீல நிறம் தரும். இது அயோடின் உண்டா இல்லையா என்பதையே நம்பகமாகக் காட்டும். சரியான அளவை அறிய ஆய்வகத்தில் தரம்பார்த்தல் தேவை. கணக்கெடுப்புகளைப் படிக்கும்போது இவ்வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 94 விழுக்காட்டு வீடுகளில் அயோடின் உப்பு உள்ளது என்கிறது. 2018-19 இந்திய அயோடின் கணக்கெடுப்போ போதிய அளவு அயோடின் கொண்ட உப்பு 76.3 விழுக்காட்டு வீடுகளிலேயே உள்ளது என்கிறது. இரண்டும் முரண்பட்டவை அல்ல. முன்னது இருப்பைச் சொல்கிறது, பின்னது அளவைச் சொல்கிறது.

தமிழ்நாடு

மேற்கூறிய 2018-19 கணக்கெடுப்பில் 61.9 விழுக்காட்டுடன் தமிழ்நாடு நாட்டிலேயே கடைசி நிலையில் இருந்தது. தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் என நீண்ட உப்பளங்களைக் கொண்டு, உப்பு உற்பத்தியில் முன்னணியில் உள்ள மாநிலம் இவ்வாறு பின்தங்கியது முரணாகத் தோன்றும். ஆனால் உப்பளத்துக்கு அருகில் வாழ்வோருக்கே பதப்படுத்தப்படாத உப்பு எளிதாகவும் மலிவாகவும் கிடைக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால் வியப்பில்லை. தமிழ் வீடுகளில் கல்லுப்புக்கு உள்ள செல்வாக்கும் ஒரு காரணம். கல்லுப்பிலும் அயோடின் சேர்க்கலாம். ஆனால் அது படிகங்களின் மேற்பரப்பிலேயே படிந்திருப்பதால், உப்பைக் கழுவினாலோ ஈரம் கசிய வைத்திருந்தாலோ நீங்கிவிடும். மூடிய கலத்தில், அடுப்பின் வெப்பம் படாமல் வைத்திருத்தல் நன்று.

இராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் உப்பளம் கொண்டுள்ள தமிழ்நாடு உப்புக் கழகம் 1974 இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனமாகும். இது அயோடினுடன் இரும்பும் சேர்ந்த இரட்டைச் செறிவூட்டிய உப்பைத் தயாரித்துச் சத்துணவுத் திட்டத்துக்கு வழங்கி வந்துள்ளது. குழந்தைகளிடமும் பெண்களிடமும் பரவலாக உள்ள இரத்தச்சோகையைக் குறைப்பது இதன் நோக்கம். இரும்பை உப்பில் சேர்ப்பது அயோடினைச் சேர்ப்பதுபோல் எளிதன்று. இரும்பு உப்பின் நிறத்தைப் பழுப்பாக்கும். அயோடேட்டுடன் வினைபுரிந்து அயோடினை வெளியேற்றவும் செய்யும். இதைத் தவிர்க்கத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இரும்பைப் பிணைத்து வைக்கும் பாசுபேட்டுச் சேர்மம் ஒன்றைப் பயன்படுத்தியது. கனடாவின் தொராண்டோ பல்கலைக்கழகத்தில் இரும்புத் துகள்களின் மேல் மெல்லிய உறை பூசும் முறை உருவாக்கப்பட்டது. இருப்பினும் குழம்பிலும் சோற்றிலும் கருமை படிகிறது என்ற குறை சமையற்கூடங்களில் எழுவதுண்டு.

மிகை அயோடினும் உப்புக் குறைப்பும்

நெடுங்காலம் அயோடின் குறைவாக இருந்த மக்களுக்குத் திடீரென மிகையாகக் கிடைத்தால், முடிச்சுகள் கொண்ட பழைய கழலை உள்ள முதியோரிடம் தைராய்டு மிகைச் சுரப்பு ஏற்படக்கூடும். ஆத்திரேலியாவின் தாசுமேனியாவில் 1966 இல் ரொட்டியில் அயோடேட்டு சேர்த்தபோது இவ்வாறு நேர்ந்தது. இத்தகைய மிகைச் சுரப்பு பெரும்பாலும் சில ஆண்டுகளில் தணிந்துவிடுகிறது. தைராய்டு நோய்க்கு மருத்துவம் பெறுவோர் அயோடின் குறித்து மருத்துவரின் அறிவுரையைப் பெறுவது முறை.

உயர் இரத்த அழுத்தத்தைத் தவிர்க்க, நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உண்ண வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. இது உப்பின் வழியே அயோடின் வழங்குவதற்கு எதிரானதன்று. 30 பங்கு அயோடின் கொண்ட உப்பில் 5 கிராம், 150 மைக்ரோகிராம் அயோடினைத் தரும். உப்பு உட்கொள்ளல் மேலும் குறையுமானால் சேர்க்கப்படும் அயோடினின் அளவை உயர்த்திக்கொள்ள இயலும். கடைகளில் வாங்கும் நொறுக்குத் தீனியிலும் பதப்படுத்திய உணவிலும் இருந்து உடலில் சேரும் உப்பின் பங்கு கூடிவருவதால், அவற்றின் தயாரிப்பிலும் அயோடின் கலந்த உப்பே பயன்படுத்தப்பட வேண்டும் என்பது இத்துறையினரின் கோரிக்கையாகும்.